பதினாலு தசம் ஒன்று

புயல் கடந்து மூன்றாம் இரவு.
பாசையூருக்கு இன்னும் கரண்ட் வரவில்லை.
வாடகை ஜெனரேற்றருக்கு
நாலு லீற்றர் டீசல்தான் மிச்சம்.
என் கடை வாசலில்
பற்றரிகள் வரிசையில் நிற்கின்றன,
ஆட்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள்.

ஓட்டோவின் ஈயப் பற்றரி, முனைகளில் உப்புப் பூத்து.
மருந்துக்கடை நஸ்லிமின் ஜெல்:
இன்சுலின் குளிர்ப்பெட்டி அதை நம்பித்தான்.
கோயில் ஒலிபெருக்கிக்கு ஒன்று,
யார் வாங்கியது, எப்போது, என்ன வகை,
ஒருவருக்கும் தெரியாது.
யுவக்கீனின் வள்ளத்து லித்தியம், நீல உறை,
தூக்கினால் வெறும் பெட்டியோ என்று சந்தேகம் வரும்.
கடைசியில், ஒரு பனடோல் பெட்டிக்குள்
மருத்துவிச்சி பிரிஜித்தாவின் ரோச்சுக்கு
நாலு நிக்கல் குச்சிகள்.

"பெரிசெல்லாம் பன்னிரண்டு வோல்ற்தானே அக்கா,
சிவப்பைச் சிவப்போடையும்
கறுப்பைக் கறுப்போடையும் கட்டிவிடுங்கோ.
மூண்டு மணிக்கு நான் கடலுக்கு இறங்கவேணும்"
என்றான் யுவக்கீன்,
கையில் சொந்தக் கிளிப் வயரோடு.

பன்னிரண்டு என்பது பெயர், யுவக்கீன்.
உன் வள்ளத்திலும் ஒரு பெயர் எழுதியிருக்கிறாய்,
அதை வாசித்து எவரும் எஞ்சின் திருத்துவதில்லை.
உன் லித்தியம் பாதி நிறைந்தாலே பதின்மூன்றுக்கு மேல்.
ஓட்டோக்காரனின் ஈயம் இப்போது
பன்னிரண்டுக்கும் கீழே கிடக்கிறது.
கட்டிய கணத்தில்
சார்ஜரைக் கேட்காமலே
மேலது கீழதுக்குள் கொட்டும்.
வயர் முதலில் இளகும். பிறகு மணக்கும்.

ஜெல்லுக்குப் பதினாலு தசம் ஒன்று.
அதற்கு மேல் ஒரு தசமும் இல்லை.
உள்ளே குமிழ் விழுந்தால் குமிழ் அப்படியே நிற்கும்,
தண்ணீர் விட்டு ஆற்ற அதற்கு மூடியும் கிடையாது.
ஈயம் பொறுக்கும், கொஞ்சம் கொதிக்கவும் வேண்டும் அதற்கு.
கொதிக்கையில் விடுகிற வாயுவுக்கு மணமில்லை.
என் இடது புருவம் பாதியில் நிற்கிறதே,
அது அந்த மணமில்லாததும்
நான் ஏற்றிவைத்த மெழுகுதிரியும் சந்தித்த இடம்.

இதைப் பங்குச் சுவாமியிடம் சொன்னேன்.
"வேறு வேறு வகை, ஒரே மின்சாரம்.
ஞாயிறு பிரசங்கத்துக்கு ஆகும் பிள்ளை" என்றார்.
ஆகாது சுவாமி.
இவற்றை ஒன்றாகக் கட்டினால் வெடிக்கும்.
அதை வைத்து என்னத்தைச் சொல்லப் போகிறீர்கள்?
சிரித்தார். பேந்து சிரிக்கவில்லை.

ஆகவே, ஆளுக்கொரு சார்ஜர்.
இடையில் ஒரு முழம்.
யன்னல் இரண்டும் திறந்தபடி, நுளம்பு வந்தாலும்.
லித்தியம் மரப்பலகையில் அல்ல, சீமெந்துத் தரையில்.
கோயில் பற்றரி வெளியே நிற்கட்டும்.
வகை தெரியாததற்கு நான் கரண்ட் கொடுப்பதில்லை,
அந்தோனியாருக்கே என்றாலும்.

முதலில் இன்சுலின்.
"மீனுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டான்.
நான் மீற்றரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டரைக்குத் திரும்பி வந்தபோது
நீலப் பெட்டி எழுபது வீதம்.
காணாது என்றான்.
இன்னும் சில சொன்னான், அவை மீற்றரில் ஏறாது.
பற்றரியைத் தோளில் வைத்தான்,
வயரை என் மேசையில் எறிந்துவிட்டுப் போனான்.

ஜெனரேற்றர் இருமத் தொடங்கிற்று.
மிஞ்சியவை பிரிஜித்தாவின் நாலு குச்சிகள்.
நிக்கல் நிறைந்தால் மேலே ஏறாது,
ஒரு மயிரிழை இறங்கும்.
அந்த இறக்கத்துக்காகக் குந்தியிருந்தேன்,
இமைத்தால் தவறிவிடும்.
ஒன்று தசம் நாலு எட்டு.
ஒன்று தசம் நாலு எட்டு.
நாலு ஏழு.

கழற்றினேன். டீசல் முடிந்தது.
என் போனில் மூன்று வீதம்.

கடலில் எது யுவக்கீனின் வெளிச்சம் என்று
இங்கிருந்து தெரியாது.
அவன் வயரை ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
சிவப்புக் கிளிப் நன்றாகக் கவ்வுகிறது,
கடன் துண்டுகளுக்கு உதவும்.
மேல் துண்டு அவனுடையது.